வெல்லஸ்லி என்பது யாருடைய பெயர்?

மாணவர்களே, உங்கள் தாத்தாவின் பழைய பிறப்புச் சான்றிதழைப் பார்த்ததுண்டா? என் தாத்தாவின் சான்றிதழில் பிறந்த இடம் ‘புரோவின்ஸ் வெல்லஸ்லி’ என்று இருக்கிறது. இன்று நாம் செபராங் பிறை என்று சொல்கிறோமே, அதே நிலப்பகுதிதான். புக்கிட் மெர்தாஜாம், பட்டர்வொர்த், நிபோங் திபால் எல்லாம் ஒரு காலத்தில் இந்தப் பெயருக்குள் அடக்கம். யார் இந்த வெல்லஸ்லி என்று தேடப் போனபோது, ஒரு பிரபுக் குடும்பத்தின் பட்டங்கள் கைமாறிய கதை கிடைத்தது. அந்தக் கதையின் ஓர் ஓரத்தில் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

1800ஆம் ஆண்டு பினாங்கின் துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத், கெடா சுல்தானிடமிருந்து இந்தக் கரையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பெற்றார். பினாங்குத் தீவுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 ஸ்பானிய டாலர் தருவதாக ஒப்பந்தம். அப்போது இந்தியாவில் கம்பெனியின் தலைமை ஆளுநராக இருந்தவர் ரிச்சர்ட் வெல்லஸ்லி. மேலதிகாரியின் பெயரைப் புதிய நிலத்துக்குச் சூட்டினார்கள்.

அந்தப் பெயரே இரவல்தான். அயர்லாந்தில் குடியேறிய இந்த ஆங்கிலக் குடும்பத்தின் பழைய பெயர் காலி. 1728இல் ரிச்சர்ட் காலி என்பவருக்குக் காரெட் வெஸ்லி என்ற உறவினரின் சொத்து வந்தது. சொத்தோடு வெஸ்லி என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டார். பேரப்பிள்ளைகள் காலத்தில் அது வெல்லஸ்லி ஆனது.

பிரிட்டனின் பிரபுப் பட்டங்கள் ஐந்து படிகள் கொண்டவை. மேலிருந்து கீழாக டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். காலியாக இருந்து வெஸ்லியானவர் 1746இல் பாரன் மார்னிங்டன் ஆனார். அவர் மகன் காரெட் 1760இல் ஏர்ல் ஆனார். இவர் இசையமைப்பாளர், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இசைப் பேராசிரியராகவும் இருந்தார். 1781இல் இவர் இறந்தபோது மூத்த மகன் ரிச்சர்டுக்குப் பட்டம் வந்தது. கூடவே அப்பாவின் கடனும் வந்தது.

ரிச்சர்ட் 1798இல் தலைமை ஆளுநராக இந்தியா வந்தார். மறு ஆண்டு மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அந்த வெற்றிக்குப் பரிசாக ரிச்சர்டுக்கு மார்க்குவிஸ் பட்டம் கிடைத்தது. மனிதருக்கு மகிழ்ச்சி இல்லை. அது அயர்லாந்துப் பட்டம். மதிப்பில் பிரிட்டன் பட்டத்துக்கு ஒரு படி கீழே. தங்க முலாம் பூசிய உருளைக்கிழங்கைக் கொடுத்துவிட்டார்கள் என்று நொந்துகொண்டார்.

அவருக்கு மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். ஐவரும் பெற்றோரின் திருமணத்துக்கு முன்பே பிறந்தவர்கள். ஆகவே சட்டப்படி யாருக்கும் பட்டம் இல்லை. 1842இல் அவர் கண்மூடியபோது மார்க்குவிஸ் பட்டமும் மறைந்தது. நம் ஊருக்குப் பெயர் தந்தவரின் பட்டத்துக்கு ஆயுள் ஏறக்குறைய 43 ஆண்டுகள்தான்.

ஏர்ல் பட்டம் தம்பி வில்லியமுக்குப் போனது. 1863இல் அந்தக் கிளையும் வாரிசில்லாமல் முடிந்தபோது, இன்னொரு தம்பியான ஆர்தரின் மகனிடம் வந்து சேர்ந்தது. இந்த ஆர்தர்தான் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு. 1797இல் படையோடு பினாங்கில் தங்கியவர். நீலகிரியில் குன்னூர் அருகே உள்ள வெல்லிங்டன் இவர் பெயரைத் தாங்கியதுதான். 1809இல் வைகவுண்ட், 1812இல் ஏர்ல், அதே ஆண்டில் மார்க்குவிஸ், 1814இல் டியூக் என்று ஐந்தே ஆண்டுகளில் மளமளவென்று மேலே ஏறிவிட்டார். இன்று அவர் வழியில் 9ஆவது டியூக் இருக்கிறார்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “சார், மூத்த பிள்ளை பொண்ணா இருந்தா?” நல்ல கேள்வி. பெரும்பாலான பட்டங்கள் ஆண் வாரிசுக்கு மட்டுமே. ஜார்ஜ்டவுன் கடற்கரைக் கோட்டைக்குப் பெயர் தந்த கோர்ன்வாலிஸ் பிரபுவின் மகனுக்கு ஐந்து பெண்கள். ஆண் பிள்ளை இல்லை. 1823இல் அவர் இறந்ததும் மார்க்குவிஸ் பட்டம் முடிந்துபோனது. மீதமிருந்த ஏர்ல் பட்டம் பாதிரியாரான சித்தப்பாவுக்குப் போய், 1852இல் அதுவும் மறைந்தது.

வெல்லிங்டன் குடும்பத்தில் நடந்தது இன்னும் வியப்பானது. ஆர்தருக்கு ஸ்பெயினும் ஒரு டியூக் பட்டம் தந்திருந்தது. 1943இல் 6ஆவது டியூக் இத்தாலிப் போர்க்களத்தில் இறந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பிரிட்டன் சட்டப்படி வெல்லிங்டன் பட்டம் சித்தப்பாவுக்குப் போனது. ஸ்பெயின் சட்டப்படி அந்நாட்டுப் பட்டம் அக்காள் ஆனுக்கு வந்தது. ஒரே வீடு, ஒரே சாவு, இரண்டு சட்டம், இரண்டு வாரிசு! 1949இல் ஆன் அதைச் சித்தப்பாவுக்கே விட்டுக்கொடுத்தார். பிரிட்டன் அரியணைக்கு ஆண் பெண் வேறுபாடு பார்ப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அந்தச் சட்டம் பிரபுப் பட்டங்களைத் தொடவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். பட்டம் பெற முடியாத ரிச்சர்டின் மகள்களில் ஒருத்தி பெயரும் ஆன்தான். அவருடைய கொள்ளுப்பேத்தியின் மகள்தான் எலிசபெத் மகாராணியார். எந்த ஏட்டில் வாரிசாக இடம் இல்லையோ, அந்த வழியில்தான் இன்றைய மன்னர் சார்ல்ஸ் வந்திருக்கிறார்.

நம் நாட்டில் விருதாக வழங்கப்படும் துன், டான் ஸ்ரீ, டத்தோஸ்ரீ, டத்தோ பட்டங்கள் பெற்றவரோடு நின்றுவிடும். டத்தோவின் மகன் பிறவியிலேயே டத்தோ ஆவதில்லை. பிரிட்டனிலும் 1999ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரை மட்டும் மேலவையில் விட்டுவைத்து மற்றவர்களை வெளியே அனுப்பியது.

இனி நம்மவர்கள் பக்கம் வருவோம். ரிச்சர்ட் தலைமை ஆளுநராக இருந்த காலத்தில்தான், 1799 அக்டோபரில், கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அப்போது சிறுவன். அவனோடு எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கம்பெனியார் 1802இல் கப்பலேற்றினார்கள். எங்கே தெரியுமா? இதே பினாங்குக்கு! ஒரு குடும்பத்தின் பெயர் இந்தக் கரைக்குச் சூட்டப்பட்டு இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. இன்னொரு குடும்பத்தின் வாரிசு எதிர்க்கரையில் கைதியாக வந்து இறங்கினான். அந்தத் தீவில் துரைசாமி பெயரில் கோட்டை இல்லை.

19ஆம் நூற்றாண்டில் இங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகியபோது, ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் காடு வெட்டினார்கள், கரும்பு நட்டார்கள், ஆலையில் உழைத்தார்கள். நிபோங் திபால் பக்கத்துப் பைராம் தோட்டத்தின் பெயர், ரேம்ஸ்டன் என்ற ஆங்கிலப் பரம்பரைப் பட்டக் குடும்பம் தன் யார்க்‌ஷயர் மாளிகையின் பெயரிலிருந்து எடுத்து வைத்தது. பைராமில் உழைத்தவர்கள் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை.

ஆங்கிலேயரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ஏ/எல் அல்லது ஏ/பி, அதன்பின் அப்பா பெயர். அம்மா பெயர் எங்கே? என் மாணவர்கள் முப்பது பேரிடம் அப்பாவழிப் பாட்டனார் பெயரைக் கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் சொன்னார்கள். அம்மாவைப் பெற்ற பாட்டியின் முழுப் பெயரைக் கேட்டேன். ஏழு பேர்தான் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அவர் ‘ஆயா’, ‘அம்மாச்சி’, அவ்வளவுதான். ஆண் வழியை மட்டும் எழுதி வைக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள நமக்கு ஒரு பிரபு தேவைப்படவில்லை.

வெல்லஸ்லி குடும்பத்தின் நான்கு தலைமுறையை நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடிகிறது என்றால், யார் பிறந்தார், யாரை மணந்தார், எங்கே இறந்தார் என்று அவர்கள் விடாமல் எழுதி வைத்ததுதான் காரணம். அதற்குப் பட்டம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வருகிற பள்ளி விடுமுறையில் இதைச் செய்து பாருங்கள். நடுவில் உங்கள் பெயர். ஒரு பக்கம் அப்பா வழி, மறு பக்கம் அம்மா வழி. ஒவ்வொருவர் பெயர், பிறந்த ஊர், வேலை செய்த தோட்டம், செய்த வேலை. முதலில் பாட்டிகளிடம் கேளுங்கள். அவர்கள் மறந்துவிட்டால் அதைச் சொல்ல வேறு யாரும் இல்லை.