பங்க்கை மாற்றினால் மைலேஜ் கூடுமா?

“அந்தப் பங்க்கில் பெட்ரோல் போட்டுப் பாருங்கள்; லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓடும்.” இப்படிச் சொல்லும் ஒருவரையாவது நீங்கள் சந்தித்திருப்பீர்கள். அவருக்குப் பக்கத்திலேயே, வேறொரு கம்பெனியின் பெட்ரோல்தான் உயர்ந்தது என்று அதே உறுதியுடன் வாதாடும் இன்னொருவரும் இருப்பார். இருவரும் பொய் சொல்பவர்கள் அல்லர். கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சும் அன்று. நாளொன்றுக்கு 15 லிட்டர் போடுபவர், உயர்ந்த ரகம் என்று லிட்டருக்கு ஏழு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விடும். அந்தப் பணத்துக்கு ஈடாக ஏதேனும் கிடைக்கிறதா என்று பார்ப்போம்.

முதலில், பங்க்கின் பெயர்ப்பலகை மாறுவதால் பெட்ரோல் எவ்வளவு மாறுகிறது? நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. சென்னைக்கு அருகே மணலியில் 1969ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை போன்ற ஓர் ஆலை ஒரு வட்டாரத்தில் இருந்தால், பல கம்பெனிகளும் அங்கிருந்தே பெட்ரோலை எடுத்துக்கொண்டு, தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வது நம் நாட்டு வழக்கம். ஆலை எதுவாயினும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதித்த அளவுகளுக்குள் பெட்ரோல் இருந்தாக வேண்டும். 2020 ஏப்ரல் முதல், பத்து இலட்சம் பங்கு பெட்ரோலில் கந்தகம் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடக்கூடியது, பெட்ரோலில் சிறிதளவு சேர்க்கப்படும் கழுவுபொருள். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலும், உறிஞ்சு வால்விலும் கரி படியாமல் காப்பது இதன் வேலை. இது வெறும் விளம்பரமன்று. அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கழுவுபொருள் குறைந்த பெட்ரோல் விட்டுச்சென்ற படிவு, உயர்தரக் கழுவுபொருள் கலந்த பெட்ரோலின் படிவைப்போல் சராசரியாக 19 மடங்கு இருந்தது. ஆனால் கரி படிவதும் கரைவதும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டத்தில் மெல்ல நடப்பவை. நேற்றுப் போட்ட பெட்ரோலால் இன்றைக்கே மைலேஜ் ஏறியது என்பதற்கு இது காரணமாக முடியாது.

அடுத்தது ஆக்டேன் எண். பெரிய குழப்பமே இங்குதான். எண் கூடினால் சக்தி கூடும் என்பது பலரது எண்ணம். உண்மையில் இது சக்தியின் அளவே அன்று. பொறுமையின் அளவு எனலாம்.

எஞ்சினின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் இறுக்குகிறது. உரிய நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறியை எழுப்ப, தீ ஒரு முனையில் தொடங்கிச் சீராகப் பரவ வேண்டும். இறுக்கம் மிகுந்தால் வெப்பமும் மிகும். அப்போது தீ வந்து சேருமுன்பே மறுகோடியிலுள்ள கலவை தானாகப் பற்றி வெடித்துவிடுவதுண்டு. மேட்டில் ஏறும்போது சில பழைய வண்டிகளில் ‘டக டக’ என்று உலோகம் தட்டுவதுபோல் கேட்கிறதே, அந்த ஓசைதான் இது. மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்பர்; தட்டொலி என்று நாம் சொல்லலாம். இது நீடித்தால் பிஸ்டனே சேதமாகும். தானாகப் பற்றிக்கொள்ளாமல் பொறிக்காகக் காத்திருக்கும் திறனையே ஆக்டேன் எண் குறிக்கிறது.

1926இல் கிரகாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலர் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். எளிதில் தட்டொலி எழுப்பாத ஐசோ-ஆக்டேனுக்கு 100. உடனே எழுப்பும் ஹெப்டேனுக்கு 0. அந்த ஹெப்டேனை அவர் ஒருவகைப் பைன் மரப் பிசினிலிருந்து பெற்றார் என்பது சுவையான செய்தி. 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப்போல் சோதனை எஞ்சினில் நடந்துகொள்ளும் பெட்ரோலின் எண் 91 ஆகும்.

இப்போது இவ்விரு பொருள்களையும் எரித்து வெப்பத்தை அளந்து பாருங்கள். ஒரு கிலோ ஐசோ-ஆக்டேன் சுமார் 44.3 மெகாஜூல் தருகிறது. ஒரு கிலோ ஹெப்டேன் சுமார் 44.6 மெகாஜூல்! நூறு மதிப்பெண் பெற்றதைவிடப் பூஜ்யம் வாங்கியது ஓர் இழை முன்னே நிற்கிறது.

அப்படியானால் உயர் ஆக்டேனால் பயனே இல்லையா? உண்டு, அதைப் பயன்படுத்தத் தெரிந்த எஞ்சினுக்கு மட்டும் உண்டு. கலவையை எவ்வளவு அதிகம் இறுக்குகிறோமோ அவ்வளவு அதிகமாக வெப்பத்திலிருந்து வேலையைப் பெறலாம். அப்படி அமைத்த எஞ்சினில் குறைந்த ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினால், தட்டொலியை உணரும் கருவி எச்சரிக்க, எஞ்சினின் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்தும். எஞ்சின் தப்பும், மைலேஜ் குறையும். மேலே சொன்ன அமெரிக்கச் சங்கத்தின் சோதனைகளில், சாதாரணப் பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட கார்களுக்கு உயர் ரகத்தால் ஆதாயம் ஏதும் இல்லை. உயர் ரகத்தைப் பரிந்துரைத்த கார்களில் சராசரியாக 2.7 விழுக்காடு மைலேஜ் கூடியது. உங்கள் காருக்கு எது தேவை என்பதை அதனுடன் வந்த கையேட்டில் பாருங்கள். லிட்டர் நூறு ரூபாய் விற்கும்போது ஏழு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவருக்கு 7 விழுக்காடு கூடுதலாக ஓடினால்தான் அசலாவது தேறும்.

மைலேஜை உண்மையிலேயே மாற்றக்கூடிய ஒன்று, எல்லாப் பங்க்குகளிலும் ஒரே சமயத்தில் வந்தது. அதுதான் எத்தனால். கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் கிடைக்கும் இந்த ஆல்கஹாலின் ஆக்டேன் எண் 108 அளவில் உள்ளது; பெட்ரோலை மிஞ்சிவிட்டது. ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் வெப்பம் அடங்கியிருக்க, எத்தனாலில் 21 மட்டுமே. ஆக்டேன் வேறு, வெப்பம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2025இல் நம் நாட்டில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. கணக்கை நீங்களே போடலாம். 0.8 லிட்டர் பெட்ரோலில் 25.6; 0.2 லிட்டர் எத்தனாலில் 4.2, ஆக மொத்தம் 29.8 மெகாஜூல். கலப்பில்லாத பெட்ரோலைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவு. 10 விழுக்காடு கலந்த பெட்ரோலுடன் ஒப்பிட்டால் குறைவு சுமார் மூன்றரை விழுக்காடுதான். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 விழுக்காட்டுக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 விழுக்காடு வரை மைலேஜ் குறையலாம் என்றது. 20 விழுக்காட்டுக்கெனச் சரிசெய்த கார்களில் குறைவு 1 முதல் 2 விழுக்காடு என மதிப்பிட்டது. எனவே பழைய காரில் மைலேஜ் குறைந்தது என்று புலம்புபவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஆனால் பங்க்கை மாற்றுவது அதற்கு மருந்தாகாது.

அளவில் குறை வைக்கும் பங்க் இருந்தால் அது வேறு வழக்கு. 5 லிட்டருக்கு 4.8 லிட்டர் விழுந்தால், மைலேஜ் 4 விழுக்காடு குறைந்ததாகவே தோன்றும். ஐயம் எழுந்தால் 5 லிட்டர் அளவுக் கலத்தில் பிடித்துக் காட்டும்படி கேளுங்கள். ஒவ்வொரு பங்க்கிலும் அது இருக்க வேண்டும். கலப்படத்தைச் சோதிக்க வடிதாளும் இருக்க வேண்டும். அதில் ஒரு துளி விட்டால் நல்ல பெட்ரோல் கறையின்றி ஆவியாகிவிடும்.

சரி, தொடக்கத்தில் பார்த்த அந்த இருவரும் எங்கே தவறினர்? பத்து லிட்டர் போட்டு ஓட்டிக் கணக்குப் பார்க்கையில், டாங்க் ‘நிறைந்தது’ என்பதில் அரை லிட்டர் முன்பின்னாக இருந்தாலே பிழை 5 விழுக்காடு. போக்குவரத்து நெரிசல், ஏசி, டயரில் குறைந்த காற்று ஆகியவை தனி. மேலும், மைலேஜ் மோசமாக இருந்த வாரத்தில்தான் நாம் சலித்துப்போய்ப் பங்க்கை மாற்றுகிறோம். அடுத்த வாரம் நெரிசல் குறைந்து மைலேஜ் தானே பழைய நிலைக்கு ஏறினாலும், புகழ் புதிய பங்க்கிற்குப் போகிறது!

நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். டாங்க்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆறு முறை முழுதாக நிரப்பும் வரை லிட்டர்களைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 180 லிட்டரில் அரை லிட்டர் பிழை 0.3 விழுக்காட்டைத் தாண்டாது. அதே சாலையில், அதே டயர் அழுத்தத்தில் மற்றப் பெட்ரோலுக்கும் இதையே செய்யுங்கள். விலையுயர்ந்த பெட்ரோல் உள்ளே இருப்பது தெரிந்தால் கால் தானாகவே ஆக்சிலேட்டரை மெதுவாக மிதிக்கும். ஆகவே பெட்ரோல் போடும் வேலையை வீட்டில் வேறொருவரிடம் ஒப்படையுங்கள். எந்த வாரம் எதைப் போட்டார் என்பதைக் கணக்கு முடிந்த பின்னர் அவர் சொல்லட்டும்.