தலைகீழ் ரூட்டர்: மரத்தை ஏன் வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும்?

டேபிள் சாவின் பக்கவாட்டுப் பலகையில் துளையிட்டு, அடியில் ரூட்டரை (மரத்தைக் குடையும் மின்கருவியை) தலைகீழாக மாட்டினால் ஒரே மேசை இரண்டு வேலைக்கு உதவும். இனி கருவி அசையாது; மரம்தான் நகரும். எந்தப் பக்கமிருந்து?

கையில் பிடிக்கும்போது, மேலிருந்து பார்த்தால் பிட் (வெட்டும் அலகு) கடிகார முள் திசையில் சுற்றும். தலைகீழாக்கியதும் அது எதிர்த்திசையாகத் தெரியும். பிட்டுக்குப் பின்னால் வழிகாட்டிச் சட்டம், முன்னால் நாம். நம் பக்கமுள்ள வெட்டுமுனை இடமிருந்து வலமாக ஓடும். மரம் வலமிருந்து வந்தால் அந்த ஓட்டத்தை எதிர்க்கும். பிட் மரத்தை நம் கையை நோக்கித் தள்ளும், பிடி நம்மிடம் இருக்கும். இடமிருந்து தள்ளினால், பிட் மரத்தைக் கவ்வி இழுத்து வீசும். விரலையும் இழுத்துக்கொண்டு போகலாம்.

வேகமும் முக்கியம். நிமிடத்துக்கு 22,000 சுற்றில் 12 மி.மீ. பிட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 50 கி.மீ. வேகத்தில் ஓடும், 50 மி.மீ. பிட்டிலோ 200 கி.மீ.யைத் தாண்டும்! அதனால்தான் பெரிய பிட்டுக்குச் சுழற்சியைக் குறைக்க வேண்டும். பிட் மாற்றும் முன் மின்செருகியைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். மரம் மீண்டும் கிடைக்கும், விரல் கிடைக்காது.