முதல் பி.யூ.சி.யில் சேரும் நம் பிள்ளைகளுக்கு

நான் மைசூரில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்று, நஞ்சன்கூட்டில் குடியிருப்பவன். மாலை வேளைகளில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் சந்தேகம் கேட்க வருவார்கள். ஆண்டுதோறும் அவர்களிடமும் அவர்கள் பெற்றோரிடமும் சொல்வதைச் சங்க இதழில் ஒருமுறை எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவுமே என்று தோன்றியது.

முதலில் பெயரைப் பற்றி. தமிழ்நாட்டில் 1978-ல் மேனிலைக் கல்வி வந்ததிலிருந்து பதினோராம் வகுப்பு பள்ளிக்கூடத்தோடு சேர்ந்துவிட்டது. அங்கே பிளஸ் ஒன் மாணவன் பள்ளி மாணவன்தான். நம் கர்நாடகத்திலோ அதே வகுப்பு பி.யூ. காலேஜ் ஆகிவிடுகிறது. பதினாறு வயதுப் பிள்ளையின் காதில் "காலேஜ்" என்ற சொல் விழுந்ததும் நடையே மாறிவிடுகிறது! பெற்றோருக்கும் ஒரு களைப்பு. எஸ்.எஸ்.எல்.சி.க்காக ஓராண்டு தொலைக்காட்சியை மூடி வைத்திருந்த வீடு, "இந்த வருஷம் கொஞ்சம் மூச்சு விடட்டும், செகண்ட் பி.யூ.சி.யில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லத் தொடங்குகிறது. முதலாண்டின் மதிப்பெண் இறுதிச் சான்றிதழில் ஏறுவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே தேறினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. அங்கே பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, அல்லது நடத்தாமலேயே, முதலாண்டிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடும். இரண்டு ஆண்டு ஒரே புத்தகத்தை உருட்டினால் மதிப்பெண் குவியும் என்பது கணக்கு. குவிந்ததும் உண்மை. ஆனால் அகில இந்திய நுழைவுத் தேர்வுகளில் பதினோராம் வகுப்புக் கேள்விகள் வந்தபோது அப்பிள்ளைகள் விழித்தார்கள். அதனால்தான் தமிழ்நாட்டு அரசு 2017-18 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை மாணவர்களின் சுமையைக் கருதி அத்தேர்வை நீக்கிவிட்டது. நீக்கியது சரியா தவறா என்பது வேறு விவாதம். தேர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாடம் அங்கேயேதான் இருக்கிறது.

கர்நாடகத்தில் பி.யூ.சி. அறிவியல் பாடங்கள் 2012-13 முதல் என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டத்தின்படி நடக்கின்றன. எனவே நீட், ஜே.இ.இ., நம் மாநிலத்துக் கே.சி.இ.டி. என்று எதற்குப் போனாலும் அடிப்படை இதே இரண்டாண்டுப் புத்தகங்கள்தாம். இவை மூன்றிலும் முதலாண்டுப் பாடத்திலிருந்தும் கேள்வி உண்டு. நீட்டில் 180 கேள்விகளில் 90 உயிரியல். அந்த உயிரியலில் செரிமானத்தைத் தவிர்த்து மூச்சு, இரத்த ஓட்டம், நரம்பு, சிறுநீரகம் என்று மனித உடலைப் பற்றிய பெரும்பகுதி முதலாண்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது. பொறியியலுக்கோ கே.சி.இ.டி. மதிப்பெண்ணையும், இரண்டாம் பி.யூ.சி.யில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் பெற்ற மதிப்பெண்ணையும் பாதிக்குப் பாதி சேர்த்துத் தரவரிசை போடுகிறார்கள்.

நுழைவுத் தேர்வே வேண்டாம் என்பவர்களுக்கும் இது பொருந்தும். இரண்டாமாண்டுப் பாடங்கள் முதலாண்டுப் பாடங்களின் தோள்மேல் ஏறித்தான் நிற்கின்றன. வேதியியலில் முதல் பாடமே மோல் கணக்கு. அது புரியாமல் அடுத்த ஆண்டில் கரைசல்கள், மின்வேதியியல், வினைவேக இயல் எதுவும் நகராது. கரிம வேதியியலின் அடிப்படைக் கொள்கைகளை முதலாண்டில் கோட்டைவிட்டவன், இரண்டாமாண்டில் வரும் நூற்றுக்கணக்கான வினைகளை மனப்பாடம் செய்து திண்டாட வேண்டியதுதான். உயிரியலில் குன்றல் பகுப்பு எனப்படும் மியாசிஸ் முதலாண்டில். அதை நம்பி நிற்கும் மரபியல் இரண்டாமாண்டில். வணிகப் பிரிவில் கதை இன்னும் கண்டிப்பானது. ஜர்னல், லெட்ஜர், டிரையல் பேலன்ஸ் மூன்றும் முதல் பி.யூ.சி.யில் கைக்கு வந்திருக்க வேண்டும். வராதவன் மறு ஆண்டு கூட்டாண்மைக் கணக்கின் முதல் வாரத்திலேயே தலையைச் சொறிவான்.

என் பாடமான இயற்பியலில் ஒரு சங்கடம் உண்டு. அதைப் பள்ளியில் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆண்டின் தொடக்கத்திலேயே இயக்கம் பற்றிய பாடம் வந்துவிடும். திசைவேகம், முடுக்கம் ஆகியவற்றை வகைக்கெழுவால் விளக்குவார்கள். ஆனால் கணித வகுப்பில் வகைக்கெழு வருவது ஆண்டின் பிற்பகுதியில்! இடையில் சில மாதங்கள் பிள்ளை புரியாத குறியீடுகளை நோட்டில் வரைந்துகொண்டிருக்கும். எஸ்.எஸ்.எல்.சி.யில் தொண்ணூறு வாங்கிய பிள்ளை முதல் டெஸ்டில் முப்பது வாங்கி அழுவதற்குப் பல வீடுகளில் காரணம் இதுதான். புத்தி திடீரென்று மங்கிவிடவில்லை. கோடை விடுமுறையில் இரண்டு வாரம், நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சைன், காஸ், டேன் ஆகியவற்றின் மதிப்புகள், லாகரிதம் பார்க்கும் முறை, வரைபடத்தில் சாய்வு காண்பது, எளிய வகைக்கெழு நான்கைந்து. இவை தெரிந்தால் ஜூன், ஜூலை மாதங்களைத் தாண்டிவிடலாம்.

அடுத்தது மொழி. நம் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய மலை என்பது என் கருத்து. தொழிற்பேட்டை வேலைக்கும், வியாபாரத்துக்கும் நஞ்சன்கூட்டுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசி, தெருவில் கன்னடம் பேசி, பத்தாம் வகுப்பு வரை கன்னட வழியில் படித்தவர்கள். பி.யூ.சி. அறிவியல் பாடமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. வகுப்பில் ஆசிரியர் "ஆக்ஸிலரேஷன்" என்கிறார். பிள்ளைக்குத் தெரிந்தது "வேகோத்கர்ஷ". கருத்து தெரிந்தும் சொல் தெரியாமல், தனக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போய்விடுகிறது.

இதற்கு நான் சொல்லும் வழி மிகச் சாதாரணமானது. ஒரு நீள நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதலில் ஆங்கிலச் சொல், அடுத்துக் கன்னடம், மூன்றாவது தமிழ். ஃபோர்ஸ், பல, விசை. பிரஷர், ஒத்தட, அழுத்தம். ஃபோட்டோசிந்தஸிஸ், த்யுதிசம்ஸ்லேஷணெ, ஒளிச்சேர்க்கை. நாளுக்கு ஐந்தாறு சொல் எழுதினால் தீபாவளிக்குள் அறிவியலின் முக்கியச் சொற்கள் பெரும்பாலும் வந்துவிடும். (கன்னடச் சொல்லில் வடமொழி மணக்கும், தமிழ்ச் சொல் பெரும்பாலும் பொருளை நேராகவே சொல்லிவிடும். "ஒளிச்சேர்க்கை" என்றால் பாதிப் பாடம் புரிந்துவிட்டதே!)

மூன்றாவது பத்தியை நிரப்புவது யார்? தாய்மார்கள்தாம். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது சார், நான் என்ன உதவ முடியும்?" என்று கேட்கும் பல தாய்மார்கள் ஈரோட்டிலோ சேலத்திலோ தமிழ் வழியில் பிளஸ் டூ படித்தவர்கள். தமிழ்நாட்டு அரசின் பிளஸ் ஒன் தமிழ்வழிப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பாட வரிசை இங்குள்ளதோடு ஒத்துப்போகாது. தலைப்பைப் பார்த்துத் தேடிக்கொள்ள வேண்டும். அன்று வகுப்பில் நடந்த பாடத்தை அம்மா தமிழில் வாசிக்கட்டும். பிள்ளை கேட்டுவிட்டுத் தன் ஆங்கிலப் புத்தகத்தில் அந்த இடத்தைக் காட்டட்டும். பிறகு பிள்ளை அம்மாவுக்கு விளக்கட்டும். அம்மா நடுவில் "அது எப்படிடா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், டியூஷன் வாத்தியாரால் ஆகாத காரியம் ஆகும். கூடவே, தமிழ் எழுத்தறியாமல் வளரும் பிள்ளைக்குத் தமிழும் கொஞ்சம் கண்ணில் படும்.

மொழி பற்றிப் பேசும்போது இன்னொன்று. பி.யூ.சி.யில் இரண்டு மொழிப் பாடங்கள் உண்டு. தமிழும் அரசு அனுமதித்த மொழிகளில் ஒன்று. ஆனால் எல்லாக் கல்லூரியிலும் ஆசிரியர் இருக்க மாட்டார். விருப்பமுள்ளவர்கள் சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். பெரும்பாலான பிள்ளைகள் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். வண்ணப் பேனாவால் கோடு போடுகிறார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை இருமுறை படித்தனர். மற்றவர்கள் ஒருமுறை படித்து, பிறகு பார்க்காமல் நினைவில் நின்றதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு நினைவில் நின்றது நூற்றுக்கு ஏறத்தாழ 42 பங்கு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை முன் நின்று ஏட்டைப் பாராமல் ஒப்பித்தார்களே, அதில் விஷயம் இருந்திருக்கிறது!

ஆகவே மாலையில் வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைத் திறக்குமுன், அன்று நடந்ததை ஒரு வெள்ளைத் தாளில் கால்மணி நேரம் எழுதச் சொல்லுங்கள். எழுத வராத இடமே படிக்க வேண்டிய இடம். அதையே ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை, மாதக் கடைசியில் ஒருமுறை பார்க்காமல் எழுதட்டும். கணக்கு என்றால், விடையைப் பார்த்துப் புரிந்துகொண்டதைச் செய்ததாக எண்ணக் கூடாது. மறுநாள் வெறும் தாளில் போட்டு வந்தால்தான் வந்தது.

மைசூருக்கு அனுப்புவதா, உள்ளூரிலேயே சேர்ப்பதா என்று பலர் கேட்கிறார்கள். தூரம் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் பஸ்ஸுக்கு நிற்பது, கடகொளா, தாண்டவபுர நெரிசல், அங்கே இறங்கிக் கல்லூரிக்கு இன்னொரு பஸ் எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டரை மணி நேரம் போனால், இருநூறு வேலை நாளில் ஐந்நூறு மணி நேரம். அந்தக் கல்லூரி அந்த ஐந்நூறு மணிக்கு ஈடான எதைத் தருகிறது என்று கேட்டுப் பாருங்கள். நல்ல ஆய்வுக்கூடம், நிரந்தர ஆசிரியர்கள் என்றால் அனுப்பலாம். வாசலில் உள்ள ரேங்க் பேனரைப் பார்த்து மட்டும் அனுப்ப வேண்டாம். விடியற்காலைக் கோச்சிங், பகலில் கல்லூரி, மாலையில் டெஸ்ட் என்று பிழிந்து, ஐந்து மணி நேரம் தூங்கும் பிள்ளைக்கு எதுவும் மனத்தில் தங்காது. ஏழு மணி நேரத் தூக்கத்தில் கை வைக்காதீர்கள்.

காம்பினேஷன் விஷயத்தில் ஒரு வார்த்தை. எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் அதிகம் என்பதற்காகவே சயின்ஸ் என்று முடிவு செய்கிறோம். கணிதம் பிடிக்காத பிள்ளையைப் பி.சி.எம்.பி.யில் தள்ளி, ஆறு மாதம் கழித்துக் காமர்ஸுக்கு மாற்ற அலைவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பழைய கணிதப் புத்தகத்தை எடுத்து, பிள்ளை தானாக எவ்வளவு நேரம் உட்கார்ந்து கணக்குப் போடுகிறது என்று விடுமுறையிலேயே கவனியுங்கள். சி.ஏ. ஆக விரும்பும் பிள்ளைக்குக் காமர்ஸ் இரண்டாந்தரம் ஆகாது.

கடைசியாகக் காகிதங்கள். கே.சி.இ.டி. வழியாக அரசு இடம் பெற, பெரும்பாலோருக்குப் பொருந்தும் விதி இது: ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யூ.சி. வரை கர்நாடகத்தில் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் படித்திருக்க வேண்டும், எஸ்.எஸ்.எல்.சி. அல்லது இரண்டாம் பி.யூ.சி. தேர்வை இங்கே எழுதித் தேறியிருக்க வேண்டும். பாதியில் ஓசூருக்கோ கோவைக்கோ மாற்றலாகிப் போய்த் திரும்பியவர்கள் ஆண்டுகளை எண்ணிப் பார்த்து, படித்த பள்ளிகளில் படிப்புச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வையுங்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். வெளி மாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள் அதற்கு விண்ணப்பிக்கப் பிறப்பிடச் சான்று கேட்பார்கள்.

சாதிச் சான்றிதழ் பற்றிப் பலருக்குத் தவறான நம்பிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழைக் காட்டி இங்கே இட ஒதுக்கீடு கேட்க முடியாது. ஒரு மாநிலத்தில் பட்டியல் பிரிவினராக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகை அவரோடு வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. அதுவும் ஒரு மருத்துவக் கல்லூரி இடத்துக்கான வழக்கே. உங்கள் குடும்பத்துக்கு எந்தச் சான்று பொருந்தும் என்பதைத் தாலுகா அலுவலகத்தில் முதலாண்டிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டாமாண்டு ஜனவரியில் விண்ணப்பத்தோடு ஓடும்போது செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு, நம் நஞ்சுண்டேஸ்வரர் பெரிய தேர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்.