ஐசியுவில் ரத்தம் ஏற்ற '7' கிராம் கணக்கு ஏன்?

"ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருக்கு, ஏன் இன்னும் ரத்தம் ஏத்தல?" ஐசியு வாசலில் உறவினர்கள் பதறுவது இயல்புதான். ஒரு காலத்தில் 10-க்குக் கீழே இறங்கினாலே ஏற்றிவிடுவார்கள்.

அந்தப் பழக்கத்தை அசைத்தது, 1999-ல் வெளியான கனடாவின் 'டிரிக்' ஆய்வு. 838 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு 10-க்குக் கீழே போனதும் ரத்தம். மற்றவர்களுக்கு 7-க்குக் கீழே போனால் மட்டும். 30 நாட்களில் முதல் பிரிவில் 23.3% பேர் இறந்தனர், இரண்டாவதில் 18.7%. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றது புள்ளியியல். ஆனா, குறைவா ஏத்தினா உயிருக்கு ஆபத்துங்கிற பயத்துக்கு ஆதாரம் கிடைக்கல. ஏற்றும் ரத்தத்தாலும் அலர்ஜி வரலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம்.

ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மாரடைப்பு வந்தவருக்கு அளவைக் கூடுதலாக வைக்கும் டாக்டர்களும் உண்டு. அதனால ரத்தப்போக்கு இருக்கா, இதயம் எப்படி இருக்குன்னும் டாக்டர்கிட்ட கேளுங்க.