கணினிக்கும் உண்டு ஸ்டோர்ஸ் டெப்போ

தமிழக அரசு 2011ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த கணினிகள் பலவற்றில் ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய அந்த இயங்குதளம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. வேலூர்ப் பக்கத்து உறவினர் மூலம் அத்தகைய கணினிகள் சில எங்கள் கங்காதர நெல்லூருக்கும் வந்திருக்கின்றன. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகள் தமிழில் தட்டச்சு பழக அவை போதும். பரணில் போட்டுவிட வேண்டாம்.

ரயில்வேயில் ஓர் உதிரிபாகம் வேண்டுமென்றால் கடைத்தெருவில் வாங்கி எஞ்சினில் மாட்டிவிட முடியாது. ஸ்டோர்ஸ் டெப்போவுக்கு இண்டென்ட் போடுவோம். பரிசோதித்த சாமான்தான் வரும். லினக்ஸிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். டெப்போவுக்கு இங்கே களஞ்சியம் என்று பெயர். சாமானுக்குப் பெயர் பேக்கேஜ். இண்டென்ட் எழுதும் குமாஸ்தாதான் ‘ஆப்ட்’ என்னும் நிரல். 1993ல் தொடங்கிய டெபியனில் ஆப்ட் 1999ல், 2.1 பதிப்போடு சேர்ந்தது.

ஒரு பேக்கேஜ் ஓடுவதற்கு வேறு நான்கு தேவையென்றால் ஆப்ட் தானே கணக்குப் பார்த்து அவற்றையும் கொண்டுவரும். களஞ்சியப் பட்டியலில் மின் கையொப்பமும், ஒவ்வொரு பேக்கேஜுக்கும் உரிய சரிபார்ப்பு எண்ணும் உண்டு. வழியில் யாரேனும் சாமானை மாற்றியிருந்தால் எண் பொருந்தாது, ஆப்ட் ஏற்காது.

‘அப்டேட்’ என்ற கட்டளை பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். ‘அப்கிரேட்’ கொடுத்தால்தான் புதிய சாமான் வந்து பொருந்தும். முதலாவதோடு நிறுத்தினால் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் கணினியில் ஏறியிருக்காது. கட்டளை அடிக்கத் தயங்குவோர் ‘சினாப்டிக்’ நிரலில் சுட்டியால் தேர்ந்தெடுக்கலாம். தமிழ் எழுத்துருக்கள், தமிழ் விசைப்பலகை, லிப்ரே ஆபீஸின் தமிழ் இடைமுகம் எல்லாமே டெபியன் களஞ்சியத்தில் இலவசமாக உள்ளன.

கவனிக்க வேண்டியவை மூன்று:

1. டெபியனுக்கு உபுண்டுவின் களஞ்சியத்தைச் சேர்க்காதீர்கள். அகலப்பாதை வண்டிக்கு மீட்டர்பாதைச் சக்கரம் பூட்டிய கதையாகிவிடும்.

2. பழைய பதிப்பின் களஞ்சியம் ஒரு காலத்துக்குப்பின் ஆவணக் கிடங்குக்குப் போய்விடும். அங்கே சாமான் கிடைக்கும். புதிய பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காது. அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

3. பதிப்பை உயர்த்தும்போது படிப்படியாகப் போக வேண்டும். 10லிருந்து நேரே 12க்குத் தாவக் கூடாது. அதற்குமுன் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறொரு வட்டில் நகலெடுங்கள். 2025ல் வந்த டெபியன் 13ஐ 32 பிட் கணினிகளில் நிறுவ இயலாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாதம் இருமுறை அப்டேட், அப்கிரேட் இரண்டையும் கொடுக்கும் பொறுப்பை வீட்டுப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். எதை, எங்கிருந்து, யாரை நம்பி வாங்குகிறோம் என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் அந்த வயதிலேயே வந்துவிடும்.