மாய உறுப்பு உணர்வு

மாய உறுப்பு உணர்வு என்பது, விபத்திலோ அறுவை சிகிச்சையிலோ நீக்கப்பட்ட கை அல்லது கால் இன்னும் தன் இடத்திலேயே இருப்பதாக ஒருவர் உணர்வதாகும். ஆங்கிலத்தில் இது ‘ஃபேண்டம் லிம்ப்’ எனப்படுகிறது. உறுப்பு நீக்கம் செய்யப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இவ்வுணர்வு ஏற்படுகிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இல்லாத அந்த உறுப்பிலேயே வலியும் உண்டாகிறது. இது மாய உறுப்பு வலி எனப்படும்.

இது மனநோய் அன்று, கற்பனையும் அன்று. நாம் உணரும் உடல் என்பது தசையாலும் எலும்பாலும் ஆன உடல் மட்டுமன்று, மூளை தனக்குள் வைத்திருக்கும் உடலின் உருவமும் அதில் அடங்கும் என்பதற்கு மாய உறுப்பு ஒரு தெளிவான சான்றாகும். தசையும் எலும்பும் போன பிறகும் அந்த உருவம் எஞ்சி நிற்கிறது.

இயல்புகள்

மாய உறுப்பு பெரும்பாலும் உறுப்பு நீக்கப்பட்ட சில நாட்களுக்குள்ளேயே தோன்றிவிடுகிறது. மயக்கம் தெளிந்து எழும்போதே, கால் நீக்கப்பட்டுவிட்டது என்பதை நம்ப மறுப்போரும் உண்டு. சிலருக்குச் சில மாதங்களில் இவ்வுணர்வு மங்குகிறது. வேறு சிலருக்குப் பல ஆண்டுகள் நீடிக்கிறது.

மாயக் கையில் அரிப்பு, கூச்சம், வெப்பம், குளிர்ச்சி ஆகியவை தோன்றலாம். கழற்றி வைத்த மோதிரம் விரலை இறுக்குவது போலவும் இருக்கலாம். சிலரால் மாய விரல்களை விருப்பப்படி அசைக்க முடிகிறது. வேறு சிலருக்கு அது ஒரே நிலையில் விறைத்து நிற்கிறது. காலப்போக்கில் மாயக் கை சுருங்கி, உள்ளங்கையும் விரல்களும் மட்டும் தோளோடு ஒட்டியிருப்பதாக உணர்வதும் உண்டு.

வலி பல வகைப்படும். எரிச்சல், குத்தல், மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்ச்சி, தசைப்பிடிப்பு ஆகியவை அடிக்கடி சொல்லப்படுகின்றன. மாய முட்டி இறுக மூடிக்கொண்டு, நகங்கள் உள்ளங்கையில் பதிவதாக வேதனைப்படுவோரும் உள்ளனர். உண்மையான கையாக இருந்தால் விரல்களை விரித்து வலியைத் தணிக்கலாம். இல்லாத கையை எப்படி விரிப்பது என்பதே அவர்களின் துன்பம்.

இவ்வுணர்வு நடத்தையையும் பாதிக்கிறது. கால் இழந்த ஒருவர் இரவில் தூக்கக் கலக்கத்தில் எழுந்து, இல்லாத காலை ஊன்றி விழுந்துவிடுவது உண்டு. கை இழந்தவர் மேசையிலிருந்து விழும் குவளையைப் பிடிக்க மாயக் கையை நீட்டுகிறார். கை இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இயக்கத்தைத் தொடங்கும் நரம்பு மண்டலம் அந்த அறிவுக்காகக் காத்திருப்பதில்லை.

வரலாறு

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாசு பாரே, உறுப்பு வெட்டப்பட்ட போர்வீரர்கள் பல மாதங்களுக்குப் பிறகும் அதே உறுப்பில் வலிப்பதாகக் கூறியதைப் பதிவு செய்தார். இங்கிலாந்தின் கடற்படைத் தளபதி நெல்சன் 1797இல் தெனெரீஃப் தீவுப் போரில் வலக் கையை இழந்தார். பின்னர் அந்தக் கையை உணர்ந்த அவர், ஆன்மா உண்டு என்பதற்கு அதையே சான்றாகக் கருதினார் என்று சொல்லப்படுகிறது.

‘மாய உறுப்பு’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரைப் பரப்பியவர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சைலாசு வேர் மிட்செல். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு அவர் பிலடெல்பியாவில் சிகிச்சை அளித்தார். கை கால் இழந்த வீரர்கள் பலரிடம் இவ்வுணர்வைக் கண்டு, 1871இல் அதைப் பற்றி எழுதினார். ஆனால் 1866இலேயே இதை மையமாகக் கொண்ட ஒரு சிறுகதையைத் தம் பெயரின்றி வெளியிட்டிருந்தார்.

உடலின் வரைபடம்

மாய உறுப்பைப் புரிந்துகொள்ள, உணர்வு எங்கே தோன்றுகிறது என்று அறிய வேண்டும். விரலில் முள் குத்தினால், தோலிலுள்ள நரம்பு முனைகள் அதை மின்குறிப்புகளாக மாற்றுகின்றன. அவை தண்டுவடம் வழியாக மேலேறி, மூளையின் நடுப்பகுதியிலுள்ள தலாமசைக் கடந்து, பெருமூளைப் புறணியை அடைகின்றன. அங்கு அக்குறிப்புகள் செயற்படுத்தப்பட்ட பிறகே ‘விரலில் தொட்டது’ என்ற தெளிவான உணர்வு உருவாகிறது. விரலில் உணர்வதாக நமக்குத் தோன்றினாலும், அவ்வுணர்வு உருவாவது மூளையில்தான்.

கனடாவின் மொன்றியல் நகரில் பணியாற்றிய நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு 1930களில் இதை நேரடியாகக் காட்டினார். மூளைத் திசுவில் வலியுணர் முனைகள் இல்லை. ஆகவே தலைத் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் அறுவை செய்ய முடியும். பென்ஃபீல்டு புறணியின் வெவ்வேறு இடங்களை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினார். ஓரிடத்தைத் தூண்டியபோது கையிலும், வேறோரிடத்தைத் தூண்டியபோது உதட்டிலும் உணர்வு ஏற்பட்டதாக நோயாளிகள் கூறினர்.

இவ்வாறு கிடைத்த வரைபடத்தில் இரண்டு சிறப்புகள் உள்ளன. முதலாவது, உறுப்பின் அளவுக்கும் மூளையில் அதற்குள்ள இடத்துக்கும் தொடர்பில்லை. உதடுகளுக்கும் விரல்களுக்கும் மிகப் பெரிய இடமும், முதுகுக்குச் சிறிய இடமும் உள்ளன. இரண்டாவது, உறுப்புகளின் வரிசை உடலில் உள்ளபடி இல்லை. கைக்குரிய பகுதிக்கு அடுத்தே முகத்துக்குரிய பகுதி அமைந்துள்ளது. இந்த அண்டைத் தன்மை பிற்கால ஆய்வுகளில் முக்கிய இடம் பெற்றது.

காரணங்கள்

மாய உறுப்பு வலிக்கு ஒரே காரணம் இல்லை. நரம்பு மண்டலத்தின் மூன்று நிலைகளிலும் மாற்றங்கள் நிகழ்கின்றன.

வெட்டுண்ட இடத்தில்: அறுபட்ட நரம்பு மீண்டும் வளர முயல்கிறது. சேர வேண்டிய தசையும் தோலும் இல்லாததால் அதன் இழைகள் சிக்கிச் சுருண்டு நரம்புக் கட்டியாக மாறலாம். இக்கட்டி எந்தத் தூண்டலும் இல்லாமலே குறிப்புகளை அனுப்புகிறது. அவை எந்தக் கையிலிருந்து வர வேண்டுமோ அந்தக் கையிலிருந்தே வந்ததாக மூளை கொள்கிறது.

தண்டுவடத்தில்: நீண்டகால வலியினாலும் நரம்புச் சேதத்தினாலும் இங்குள்ள நரம்பணுக்கள் மிகைக் கூருணர்வு அடைகின்றன. சிறு தூண்டலும் பெரிதாகி மேலே செல்கிறது.

மூளையில்: கையிலிருந்து வரும் தகவல் நின்றாலும், கைக்குரிய பகுதி அழிந்துவிடுவதில்லை. இயக்கப் புறணி கைக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஆனால் தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் பதில் வருவதில்லை. கட்டளைக்கும் பதிலுக்கும் இடையிலான இந்த முரண்பாடு வலிக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

மூன்றாவது நிலைக்கு அழுத்தம் தந்தவர் கனடிய உளவியலாளர் ரொனால்டு மெல்சாக். பிறவியிலேயே கை அல்லது கால் இல்லாதவர்களில் சிலரும் மாய உறுப்பை உணர்வதை அவர் சுட்டிக்காட்டினார். அறுபட்ட நரம்பு என்று எதுவும் இல்லாத அவர்களிடம் இவ்வுணர்வு வெட்டு முனையிலிருந்து வந்திருக்க முடியாது. முழு உடலின் வடிவத்தை உருவாக்கும் நரம்பணு வலையமைப்பு ஒன்று மூளையில் பிறவியிலேயே உள்ளது என்பது அவர் கொள்கை.

இராமச்சந்திரனின் சோதனைகள்

மாய உறுப்பு ஆய்வில் பெரிதும் அறியப்பட்டவர் விளையனூர் சு. இராமச்சந்திரன். 1951இல் பிறந்த இவர், சென்னை இசுட்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, கேம்பிரிட்சு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியரானார்.

இவரது ஆய்வுக்கு முன்னோடியாக 1991இல் டிம் பான்சு குழுவினரின் குரங்கு ஆய்வு வெளிவந்தது. கையிலிருந்து மூளைக்குச் செல்லும் உணர்வு நரம்புகள் பல ஆண்டுகளுக்கு முன் துண்டிக்கப்பட்ட குரங்குகளில், முகத்தைத் தொட்டபோது மூளையில் கைக்குரிய பகுதி கிளர்ந்தது. மனிதரிலும் இப்படி நிகழுமா என்பதே இராமச்சந்திரன் எழுப்பிய கேள்வி.

அதை அறிய அவருக்குத் தேவைப்பட்டது பஞ்சு சுற்றிய ஒரு குச்சிதான். கை இழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டி, உடலின் பல இடங்களைத் தொட்டு, எங்கே உணர்கிறீர்கள் என்று கேட்டார். கன்னத்தைத் தொட்டபோது, கன்னத்தோடு மாயக் கையின் கட்டைவிரலிலும் தொடுவதாக அந்த இளைஞர் சொன்னார். முகத்தில் வேறு இடங்கள் வேறு விரல்களுக்கு ஒத்திருந்தன. கன்னத்தில் வழிந்த நீர் மாயக் கையிலும் வழிவதாகத் தோன்றியது.

கண்ணாடிப் பெட்டி

சிலருக்கு மாயக் கை ஏன் விறைத்து நிற்கிறது? அவர்களில் பலருக்கு, வெட்டப்படுவதற்கு முன்பே அந்தக் கை செயலிழந்திருந்ததை இராமச்சந்திரன் கவனித்தார். அசை என்று கட்டளையிட்ட ஒவ்வொரு முறையும், கை அசையவில்லை என்று கண்கள் கூறின. மூளை அந்த முடக்கத்தைக் கற்றுக்கொண்டது. கை போன பிறகும் முடக்கம் நிலைத்தது. இது அவர் முன்வைத்த விளக்கம்.

கண் கற்பித்ததைக் கண்ணாலேயே மாற்ற முடியுமா என்று பார்க்க, 1990களில் அவர் ஓர் எளிய கருவியை அமைத்தார். மேல்மூடி இல்லாத ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடி செங்குத்தாக நிறுத்தப்படும். நோயாளி நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னும், எஞ்சிய கையைப் பின்னும் வைப்பார். கண்ணாடியில் தெரியும் பிம்பம், இழந்த கை இருக்க வேண்டிய இடத்திலேயே தெரியும். இரு கைகளையும் ஒன்றாக அசைக்க முயன்றால், இழந்த கையும் அசைவதைக் கண் காணும்.

மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் கையை இழந்து, பத்தாண்டுகளாக மாயக் கையை அசைக்க முடியாதிருந்த ஒருவர், இப்பெட்டியில் பார்த்த உடனே அது அசைவதை உணர்ந்தார். கண்ணை மூடியதும் அது மீண்டும் விறைத்தது. சில வாரங்கள் வீட்டில் பயிற்சி செய்த பிறகு, மாய முழங்கையும் அதிலிருந்த வலியும் மறைந்தன. விரல்கள் மட்டும் தோளருகே எஞ்சின.

2007இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஒன்றில், கால் இழந்த 22 பேரிடம் ஓர் ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. ஒரு குழு கண்ணாடியைப் பார்த்தும், இரண்டாம் குழு மூடப்பட்ட கண்ணாடிக்கு முன்பும், மூன்றாம் குழு மனத்தால் மட்டும் கற்பனை செய்தும் நாள்தோறும் 15 நிமிடம் பயின்றன. நான்கு வாரங்களின் முடிவில், கண்ணாடியைப் பார்த்த குழுவில் பயிற்சியை முடித்த அனைவருக்கும் வலி குறைந்திருந்தது. மற்றக் குழுக்களில் சிலருக்கு வலி கூடியிருந்தது.

கருத்து வேறுபாடுகள்

கைக்குரிய பகுதியை முகத்துக்குரிய பகுதி ஆக்கிரமிப்பதே வலிக்குக் காரணம் என்ற கருத்து 1990களில் வலுப்பெற்றது. புறணியில் ஏற்படும் இடமாற்றம் கூடக் கூட மாய வலியும் கூடுகிறது என்று செருமானிய ஆய்வாளர் எர்த்தா ஃபுளோர் குழுவினர் 1995இல் தெரிவித்தனர்.

பிற்கால ஆய்வுகள் இதைக் கேள்விக்குள்ளாக்கின. தாமார் மேக்கின் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மாயக் கையை அசைக்கும்போது மூளையில் பழைய கைப்பகுதியே கிளர்வது தெரிந்தது. 2025இல் வெளியான மற்றோர் ஆய்வு, கை நீக்கப்படுவதற்கு முன்னும் பின்னும் மூன்று பேரின் மூளையைப் படம்பிடித்து ஒப்பிட்டது. கையின் வரைபடம் பெரிதும் மாறாமல் இருந்தது. எனவே மூளை இழந்த கையை மறந்து வேறு உறுப்புக்கு இடம் தருகிறது என்பதைவிட, அதை மறக்காமல் வைத்திருக்கிறது என்பதே இன்று வலுப்பெற்று வரும் கருத்தாகும். இழந்த கையின் நரம்புக் குறிப்புகளைக் கொண்டு செயற்கைக் கைகளை இயக்கும் முயற்சிகளுக்கு இது நம்பிக்கை தருகிறது.

சிகிச்சை

வெட்டு முனையை மீண்டும் மீண்டும் அறுத்து வலியைப் போக்க ஒரு காலத்தில் முயன்றனர். பெரும்பாலும் அது நிலைத்த பயன் தரவில்லை. சாதாரண வலி மாத்திரைகளும் பலருக்குப் போதுமானவையாக இருப்பதில்லை. நரம்பு வலிக்குரிய கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. செயற்கை உறுப்பைத் தொடர்ந்து பயன்படுத்துவது சிலருக்கு உதவுகிறது. அறுபட்ட நரம்பை அருகிலுள்ள தசையோடு இணைக்கும் அறுவை முறையும் இப்போது உள்ளது.

கண்ணாடிச் சிகிச்சை எல்லோருக்கும் பலன் தருவதில்லை. ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. தொடக்கத்தில் சிலருக்குத் தலைச்சுற்றலோ மன வேதனையோ ஏற்படலாம் என்பதால், இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில் தொடங்குவது நல்லது. ஆயினும் ஒரு கண்ணாடியின் விலையே இதன் செலவு என்பதால், கம்போடியா போன்ற நாடுகளில் கண்ணிவெடியால் கால் இழந்தோரிடமும் இது கொண்டு செல்லப்பட்டுள்ளது.

சிகிச்சையைத் தாமதப்படுத்துவனவற்றுள் ஒன்று தயக்கம். இல்லாத கால் வலிக்கிறது என்றால் புத்தி பேதலித்துவிட்டதாக நினைப்பார்கள் என்று அஞ்சிப் பலர் மறைக்கின்றனர். நீரிழிவுப் புண்ணாலோ சாலை விபத்தாலோ காலை இழந்த ஒருவரிடம், இப்படி ஒரு வலி வரக்கூடும் என்று அறுவைக்கு முன்பே சொல்வது அந்த அச்சத்தைக் குறைக்கும்.

எல்லோரிடமும் உள்ள மாயம்

உறுப்பை இழக்காதவர்களும் இதன் சாயலை உணர முடியும். பல் மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டபின் உதடு வீங்கியது போல் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் அது இயல்பாகவே இருக்கும். தோலிலிருந்து தகவல் வராதபோது மூளை தானாக வரைந்த உதடு அது.

1998இல் போட்வினிக், கோகன் ஆகியோர் செய்த சோதனையும் இத்தகையது. ஒருவரின் கையை மறைத்து, அவர் கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினர். சிறிது நேரத்தில் பலர் ரப்பர் கையையே தம் கையாக உணர்ந்தனர்.

கண், தோல், தசை, மூட்டு ஆகியவை தரும் தகவல்களை ஒன்றுசேர்த்து, ‘இது என் உடல்’ என்ற உணர்வை மூளை ஒவ்வொரு கணமும் கட்டியமைக்கிறது. உறுப்புகள் குறையாத ஒருவரிடம் அந்த உருவமும் உடலும் பொருந்தியிருப்பதால் அது கண்ணில் படுவதில்லை. கையை இழந்தவரிடம் அவை பிரிகின்றன. அவர் சொல்லும் வலியும் மற்ற வலிகளைப் போலவே நரம்பு மண்டலத்தில் உருவாகும் உண்மையான வலியாகும்.