சேலத்து சேர்மன்

ரமணாசிரமத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்ச். கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஆபீஸ் நண்பர் டீயை உறிஞ்சியபடி கேட்டார்:

"பாதாள லிங்கம் பார்த்தேங்க. ரமணர் சின்ன வயசுல தவம் இருந்த இடமாமே. அதைப் புதுப்பிச்ச பிறகு திறந்து வெச்சது யாரு?"

"ராஜாஜி. 1949 மே மாசம். அப்ப அவர் கவர்னர் ஜெனரல்!"

"அடேயப்பா!"

அடேயப்பாதான். ஆனால், எனக்குப் பிடித்தவர் கவர்னர் ஜெனரல் ராஜாஜி அல்ல; சேலம் முனிசிபல் சேர்மன் ராஜாஜி! 1917 முதல் 1919 வரை குழாய், சாக்கடை, தெருவிளக்கு என்று மல்லுக்கட்டியவர். அதே காலகட்டத்தில் பக்கத்து ஈரோட்டில் சேர்மன் யார் தெரியுமோ? ஈ.வெ.ரா. பெரியார்! இரண்டு சேர்மன்களும் நெருங்கிய தோஸ்த்.

சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு முதலில் தோன்றுகிற கேள்வி, 'காசுக்கு எங்கே போவது?' 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானபோது (அப்போது முதல்வருக்கு அதுதான் பெயர்) ராஜாஜிக்கு மதுவிலக்கில் கொள்ளை ஆசை. ஒரே நாளில் மாகாணம் முழுக்கக் கடையைச் சாத்தினால் கஜானா காலி! என்ன செய்தார்? அக்டோபர் 1-ம் தேதி சேலம் ஜில்லாவில் மட்டும் ஆரம்பித்தார். சந்து பொந்தெல்லாம் தெரிந்த ஊராச்சே! மறு வருஷம் சித்தூரும் கடப்பையும். 1939-ல் வட ஆற்காடு. நம்ம திருவண்ணாமலை அப்போது அந்த ஜில்லாவில்தான். போன வருமானத்தை ஈடுகட்ட, அதே 1939-ல் விற்பனை வரி. பி.காம். பரீட்சையில் நான் முழித்த முழிப்புக்கு மூலகாரணம் இவர்தான் ஸார்!

இவ்வளவு பதவிசாக நடந்தவர் 1953-ல் சறுக்கினார். மறுபடி முதல்வராக இருந்த நேரம். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பா செய்கிற தொழில். சட்டசபையைக் கேட்கவில்லை, ஒரு ஜில்லாவில் செய்து பார்ப்போம் என்றும் நினைக்கவில்லை. சவரத் தொழிலாளி மகன் கத்தியைத்தான் பிடிக்கணுமா? 'குலக்கல்வி' என்று பெயர் வைத்துக் கொதித்தெழுந்தது நாடு. முன்னணியில் நின்றவர் ஈரோட்டு மாஜி சேர்மன். எனக்குக் கேட்டால் பெரியார் பக்கம்தான் நியாயம். 1954-ல் ராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராஜ் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

"அப்புறம் ரெண்டு பேரும் பேச்சுவார்த்தையே கிடையாதா?" என்றார் நண்பர்.

அதுதான் வேடிக்கை. பாதாள லிங்கத்துக்கு ராஜாஜி வந்த அதே 1949 மே மாதம், இதே திருவண்ணாமலையில் அவரைத் தனியாகச் சந்தித்து, தன் மறுமணத்துக்கு யோசனை கேட்டவர் பெரியார். 1972 டிசம்பரில் ராஜாஜி காலமானபோது, சக்கர நாற்காலியில் மயானத்துக்கே வந்து குலுங்கி அழுதவரும் அவரேதான்.

நண்பர் இன்னொரு டீ சொன்னார்.